சிசு பரிபாலனமும் பெற்றோரின் தைரியமும்

செஞ்சியில் ராஜகிரியைத் தினந்தோறும் பார்த்து வாழும் ஜனங்களுக்குக் கோட்டை கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. 1690-ஆம் வருஷத்தில் இக்கோட்டையை முற்றுகையிட்ட மொகலாய சைனியம், 1698-ஆம் வருஷத்தில்தான் அதனுள் பிரவேசித்தது. கோட்டைக்குள் நெற்களஞ்சியங்களையும் குளங்களையும் இன்றும் காணலாம். முற்றுகை வந்த பின் களஞ்சியம் கட்டவும் குளம் வெட்டவும் இயலாது என்பதை அறிந்தே முன்னோர் அவற்றை அமைத்தார்கள்.

குழந்தை வளர்ப்பும் இத்தகையதே. நடுநிசியில் குழந்தைக்குப் பேதி கண்டால், அப்போது புதிதாகக் கற்றுக்கொள்ள அவகாசமில்லை. விதை நெல்லின் தரத்தையும் உழவு மாட்டின் சுழியையும் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய அங்கத்தினரும், அந்நேரத்தில் “எங்களுக்கு என்ன தெரியும்?” என்று கலங்கி நிற்கிறார். இது அன்பின் குறைவன்று, பழக்கத்தின் குறைவே.

தைரியம் உண்டாகும் வழிகள்

“இக்காரியம் என்னால் ஆகும்” என்னும் நம்பிக்கை எவ்வாறு பிறக்கிறது என்பதை மனோதத்துவ அறிஞர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-ஆம் வருஷத்தில் ஆராய்ந்து கூறினார். அவர் கண்ட வழிகள் நான்கு: தானே செய்து பலன் காண்பது; தன்னைப் போன்ற ஒருவர் செய்து வெற்றி பெறுவதைப் பார்ப்பது; பிறர் ஊக்கமளித்துச் சொல்வது; உடற்களைப்பும் மனக்கலக்கமும் குறைந்திருப்பது. இந்நான்கையும் நம் தேசத்து அநுபவங்களைக் கொண்டே விளக்கலாம்.

முதலாவது, கைப்பழக்கம். 1971-ஆம் வருஷத்தில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் மேற்கு வங்காளத்துப் போன்காவ் முகாமில் தங்கியிருந்தபோது காலரா பரவிற்று. நரம்பு வழியே ஏற்றும் உப்பு நீர் போதவில்லை. டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைத் தயாரித்து, நோயாளிகளின் உறவினரிடமே கொடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 வரையில் இருந்த மரணம் 3.6 ஆகக் குறைந்தது. படிப்பில்லாத தாய்மாரும் செய்முறையைக் கண்டு கற்றதனால் தம் மக்களின் உயிரைக் காத்தார்கள்.

இரண்டாவது, தம்மைப் போன்றவரைக் காண்பது. 1980-ஆம் வருஷத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் மாதந்தோறும் நிறுக்கப்பட்டனர். இதற்கு அந்தந்தக் கிராமத்து மாதர்களே நியமிக்கப்பட்டனர். ஏழைக் குடும்பத்தவளாயினும் தன் குழந்தைகளை நன்கு வளர்த்தவளைத் தெரிந்தெடுக்க முயற்சி செய்யப்பட்டது. “அவளுக்கு ஆனது நமக்கும் ஆகும்” என்ற எண்ணம் இதனால் உண்டாகிறது. மேலும், எடை குறித்த அட்டை தாய்க்குச் சங்கத்துப் பாஸ்புத்தகம் போன்றது. கோடு மேலே ஏறினால் அவள் உழைப்பின் பலன் கண்ணெதிரே தெரியும்; ஏறாவிடில், நோய் முற்றுமுன்னரே எச்சரிக்கை கிடைக்கும்.

மூன்றாவது, ஊக்கமான சொல். ஜார்கண்டிலும் ஒடிசாவிலும் 2005 முதல் 2008 வரையில் மாதர் குழுக்கள் மாதந்தோறும் கூடின. உள்ளூர் மாது ஒருத்தி கூட்டத்தை நடத்துவாள். பிரசவத்திலும் பச்சிளங்குழந்தை பராமரிப்பிலும் உள்ள கஷ்டங்களை அவர்களே எடுத்துரைத்து, பரிகாரத்தையும் அவர்களே நிர்ணயித்து, செய்த பின் பலனையும் ஆராய்ந்தார்கள். அக்குழுக்கள் இல்லாத பகுதிகளைவிட அங்கே பச்சிளங்குழந்தைகளின் மரணம் நூற்றுக்கு 32 பங்கு குறைவாயிருந்தது. ஒருவருக்கொருவர் குற்றங்கூறாமல் யோசனை சொல்லிக்கொண்டதே அங்கு கையாண்ட முறை. கூட்டுறவு இயக்கத்தின் தத்துவமும் இதுவேயன்றோ?

நான்காவது, சிரம பரிகாரம். இராத் தூக்கமின்றி, பகலில் களையெடுத்து, மாலையில் அடுப்படியில் நிற்கும் தாய்க்குப் பொறுமையும் தைரியமும் எங்கிருந்து வரும்? இங்கே தந்தையின் கடமை பெரிது. குழந்தையைக் குளிப்பாட்டுவதும், உணவூட்டுவதும், எடை பார்க்கத் தூக்கிச் செல்வதும் ஆண்மைக்குக் குறைவல்ல. செய்யச் செய்ய அவருக்கும் கை பழகும்.

இன்றே பழகவேண்டிய காரியம்

பேதிக்குரிய உப்பு-சர்க்கரைக் கரைசலை ஒவ்வொரு வீட்டிலும் தாய், தந்தை இருவரும் தயாரிக்கப் பழகவேண்டும். மருந்துப் பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைக்கவேண்டும். பாதிப் பொட்டலம் உபயோகிக்கலாகாது. பொட்டலம் அகப்படாவிடில், ஒரு லிட்டர் சுத்த நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும், அரைக் கரண்டி உப்பும் சேர்க்கலாம். உப்பு அதிகமாகக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லி வரை சிறுகச் சிறுகப் புகட்டவேண்டும். வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் கொடுக்கவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. 24 மணி நேரத்துக்குப் பின் மீந்ததைக் கொட்டிவிடவேண்டும்.

மலத்தில் இரத்தம் காணினும், கண்கள் குழிவிழுந்து குழந்தை துவண்டு போயினும், நீரருந்த மாட்டாதாயினும், தாமதமின்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும். வழியிலும், விழுங்க முடியுமானால், கரைசலைக் கொடுத்துக்கொண்டே போகவேண்டும். எப்போது உதவி நாடவேண்டும் என்று அறிவதும் பெற்றோரின் திறமையில் ஒரு பகுதியே.

சங்கம் செய்யத்தக்கது

கடன் வாங்கும்போது அங்கத்தினர் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கின்றனர். குழந்தை வளர்ப்பிலும் அவ்வாறு நிற்கலாம். மாதக் கூட்டத்தின் முடிவில் அரைமணி நேரம் இதற்கென ஒதுக்கி, மாதர்களையும் வரவழைத்து, அநுபவமுள்ள தாயொருத்தியைக் கொண்டு கரைசலைச் செய்து காட்டச் சொல்லலாம். பிறகு வந்தவர் ஒவ்வொருவரும் தம் கையாலேயே செய்து பார்க்கவேண்டும். கேட்டது மறந்து போகும். கை செய்தது மறக்காது.

கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க கேள்விகள்

1. நம் குழந்தையைக் கடைசியாக அங்கன்வாடியில் நிறுத்தது எப்போது? அட்டையிலுள்ள கோடு ஏறுகிறதா?

2. கரைசல் தயாரிக்க வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? தந்தைக்குத் தெரியுமா?

3. முதற்குழந்தை பெற்ற இளந்தாய் நம் தெருவில் உண்டா? அவளுக்குத் துணையாக யார் இருக்கிறார்கள்?