கலங்களும் மூப்படைகின்றன

பசறை, ஹாலி-எலப் பக்கத்துத் தேயிலை மலைகளில் வெள்ளைக்காரர் காலத்தில் நட்ட விதைத் தேயிலைச் செடிகள் இன்றும் நிற்கின்றன. நூறு வயதான செடியும் மழை பெய்தால் இளந்தளிர் விடுகிறது. அதில் கொழுந்து பறிக்கும் கைகளோ ஐம்பது வயதிலேயே தளர்ந்து போகின்றன. உயர்தரத்தில் உயிரியல் கற்கும் எனக்கு இது ஒரு கேள்வியாயிற்று. செடியை எளிதில் அணுகாத மூப்பு மனிதரை மட்டும் ஏன் விரைவாக அணுகுகிறது?

விடையைக் கலத்திலிருந்தே தேட வேண்டும். போதிய போசணை கிடைத்தால் உடலுக்கு வெளியே வளர்க்கப்படும் கலங்கள் முடிவின்றிப் பிரியும் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1961இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள விஸ்டார் நிறுவகத்தைச் சேர்ந்த லெனார்ட் ஹேஃப்ளிக், போல் மூர்ஹெட் ஆகியோர் இந்நம்பிக்கை தவறெனக் காட்டினர். மனிதக் கலங்கள் ஏறத்தாழ 40 முதல் 60 தடவைகள் பிரிந்தபின் நின்றுவிட்டன. அவை இறக்கவில்லை. உயிரோடு இருந்தன, ஆனால் பிரியவில்லை. இந்நிலையே கல மூப்பு எனப்படுகிறது.

பன்பாயின் ஓரத்தை மடித்து முடியாவிட்டால் பாய் பிரிந்துவிடும் அல்லவா? நிறமூர்த்தங்களின் நுனிகளிலும் அத்தகைய காப்பு உண்டு. அதன் பெயர் டெலோமியர். கலம் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது சிறிது குறுகுகிறது. மிகவும் குறுகியதும் கலம் பிரிவதை நிறுத்திக்கொள்கிறது. டெலோமியர் பற்றிய கண்டுபிடிப்புக்காக எலிசபெத் பிளக்பேர்ன், கரோல் கிரைடர், ஜெக் சொஸ்டாக் ஆகிய மூவரும் 2009இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். அதே ஆண்டில் இரசாயனவியலுக்கான பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவரான, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், நாம் ஏன் மூப்படைந்து இறக்கிறோம் என்பது பற்றி 2024இல் ஒரு நூல் வெளியிட்டார். டெலோமியர் குறுகுவது மட்டுமே காரணமன்று. வெயிலின் புறஊதாக் கதிர்களும் புகையும் டீஎன்ஏயைச் சேதப்படுத்தும்போதும் கலம் மூப்படையலாம்.

பிரிவதை நிறுத்துவது குறைபாடு என எண்ணிவிடக் கூடாது. சேதமுற்ற கலம் தொடர்ந்து பிரிந்தால் புற்றுநோயாக மாறக்கூடும். ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1951இல், 31 வயதில், புற்றுநோயால் இறந்தார். அவரது அனுமதியின்றி எடுக்கப்பட்ட புற்றுநோய்க் கலங்கள் ஆய்வுகூடங்களில் இன்றும் பிரிந்துகொண்டிருக்கின்றன. மூப்பறியாத கலம் உடலுக்கு எத்தகைய ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. காயம் ஆறுவதற்குக்கூட மூப்படைந்த கலங்கள் உதவுகின்றன.

அக்கலங்கள் அகற்றப்படாமல் தேங்குவதே தொல்லை. அவை அழற்சியைத் தூண்டும் பதார்த்தங்களைச் சுரந்து அயற்கலங்களையும் கெடுக்கின்றன. இளமையில் நிர்ப்பீடனத் தொகுதி அவற்றை அகற்றுகிறது. வயதாக ஆக அத்திறன் குறைகிறது. மூட்டுவாதம், சலரோகம், நுரையீரல் நோய் முதலியவற்றில் இவற்றுக்குப் பங்குண்டு. மூப்படைந்த கலங்களை அகற்றியபோது எலிகளில் முதுமையின் சில கோளாறுகள் தாமதமானதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனிதரில் இன்னும் பரிசோதனைகளே நடக்கின்றன. ஆகவே சகோதரிகளே, இளமையை மீட்டுத் தரும் என்று கடைகளில் விற்கும் கிரீம்களை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

இனித் தேயிலைக்கு வருவோம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவ்வாத்து வெட்டுகிறார்கள். தண்டில் உறங்கும் அரும்புகளிலுள்ள பிரியிழையக் கலங்கள் விழித்துப் புதுக் கிளைகளை உண்டாக்குகின்றன. பழைய கிளைகளை இழந்தும் செடி வாழும். நம் மூளையின் நரம்புக் கலங்களையோ இதயத் தசையையோ அவ்வாறு வெட்டிப் புதுப்பிக்க முடியாது. செடியும் முற்றாகத் தப்புவதில்லை. தண்டு உக்கி விளைச்சல் குறைந்ததும் அதைப் பிடுங்கி மறுநடுகை செய்கிறார்கள்.

என் உம்மம்மாவுக்கு வயது 68. எங்கள் வீட்டுக்கு மேலுள்ள தோட்டத்தில் கொழுந்து பறித்த பாட்டிக்கும் அதே வயதுதான். ஆனால் பாட்டி பத்து வயது மூத்தவராகத் தோன்றுகிறார். நாற்பது வருட வெயிலும், புகைபோக்கி இல்லாத லயத்துக் காம்பராவின் விறகடுப்பும், சத்துக் குறைந்த உணவும் அவருடைய உடலில் எழுதிவைத்த கணக்கு அது. பிறந்த திகதி இருவருக்கும் ஒன்றாயினும், கலங்களின் வயது ஒன்றல்ல.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையரில் ஏறத்தாழ 12 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள். அத்தொகை மேலும் பெருகி வருகிறது. மூப்பு யாவருக்கும் விதிக்கப்பட்டது. ஆனால் வேளைக்கு முன் வரும் மூப்பை விதியென்று விட்டுவிட முடியாது. புகைபோக்கியுள்ள அடுப்பு, தலைக்கு நிழல், போதிய உணவு, காலத்தோடு மருத்துவப் பரிசோதனை ஆகியவை பெரிய விஞ்ஞானமல்ல. உயிரியல் கற்கும் நாம் பரீட்சைத் தாளில் எழுதும் விடையை நம் வீட்டு அடுப்படிக்கும் அயலவரின் காம்பராவுக்கும் கொண்டு சென்றாலே கற்ற கல்வி பயன்பெறும்.