இரைச்சலா, இசையா? எலக்ட்ரிக் கிட்டார் தந்த பாடம்

ஒன்பதாம் வகுப்பில் ஒலிப் பாடம். இரைச்சலுக்கு எடுத்துக்காட்டுகளாக ரோலிங் மில், லாரி ஹாரன், கிரைண்டிங் மெஷின் எனக் கரும்பலகையில் எழுதினேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டி வாழும் பிள்ளைகளுக்கு இவை அன்றாடம் கேட்கும் ஒலிகள். கடைசியில் 'ஹெவி மெட்டல் கிட்டார்' என்றும் சேர்த்தேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "சார், அதுல ராகம் மாதிரி வருது சார். அது எப்படி இரைச்சல் ஆகும்?"

அவன் சொன்னது கொச்சியின் மதர்ஜேன் குழுவில் வாசித்த பைஜு தர்மஜனை. 2008இல் வந்த 'மக்தூப்' இசைத்தொகுப்பில் ராக் கிட்டாரில் கர்நாடக இசையின் சாயல் தெரியும். அன்றிரவு கேட்டேன். மறுநாள் மூன்று படிகளில் பாடத்தைத் திரும்ப நடத்தினேன்.

முதற்படி, பிக்கப். காந்தத்தைச் சுற்றி மெல்லிய தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்பாயம் மாறி மின்னோட்டம் தூண்டப்படும். நைலான் தந்தி கட்டினால் பிக்கப் பேசாது. மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கிய துண்டுச் சுருளைக் காட்டியதும், 1831இல் ஃபாரடே கண்டது பிள்ளைகளுக்குப் புரிந்தது.

இரண்டாம் படி, டிஸ்டார்ஷன். கரும்பலகையில் அலை வரைந்து, முகடுகளையும் அகடுகளையும் அளவுகோல் வைத்து மட்டமாக வெட்டினேன். ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் ஓட்டினால் நிகழ்வது இதுதான். திருவிழாக் குழாய் ஸ்பீக்கரின் கரகரப்பும் இப்படி வருவதுண்டு. கிட்டாரின் ஐந்தாம் தந்திக்கு அதிர்வெண் 110 ஹெர்ட்ஸ். வெட்டியபின் 330, 550 போன்ற மடங்குகள் வலுக்கின்றன. ஆனாலும் அலை நொடிக்கு 110 முறை ஒழுங்காகத் திரும்ப வருகிறது. ஒழுங்கற்ற அதிர்வுதானே இரைச்சல்?

மூன்றாம் படி, கமகம். சாதாரணக் கிட்டாரில் மீட்டிய ஒலி விரைவில் தேயும். டிஸ்டார்ஷனில் தந்தி தளர்ந்த பின்னும் அலை எல்லையைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் ஒலி நீள்கிறது. தந்தியை இழுத்து ஸ்வரத்தை அசைக்க நேரம் கிடைக்கிறது. இழுத்தால் இழுவிசை கூடும், அதிர்வெண் உயரும். வீணையில் மெட்டுகள் உயரமாக இருப்பதால் விரல் மரத்தில் உரசாது. பாக், பகனினி ஆகியோரின் இசையைப் பின்பற்றிய ஸ்வீடன் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீன், மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டாரை வாசிப்பவர். இரண்டிலும் வேலை செய்யும் உத்தி ஒன்றே.

பாடம் முடிந்ததும் அந்த மாணவனையே அழைத்து, பட்டியலில் நான் எழுதிய கடைசி வரியை அழிக்கச் சொன்னேன். அளவுக்கு மீறிய ஒலி செவியைக் கெடுக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அது எந்த இசைக்கும் பொருந்தும்.

நமக்குப் பிடிக்காத ஒலியை இரைச்சல் என்று எழுதிவிடுவது எளிது. அடுத்தமுறை அந்தப் பட்டியலைப் பிள்ளைகளையே சொல்லவைத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டுப் பாருங்கள்.