இறக்கத்தை எங்கே விட்டாய்?

அன்புள்ள மகளுக்கு,

ஜப்பானின் நாசு மலையில் வழிகாட்டியோடு நடந்துவிட்டு, சாயங்காலம் வெந்நீர் ஊற்றில் குளித்துத் திரும்பிய அந்த ஒரு நாளைப் பற்றி நீ எழுதியதை நேற்று இரவு படித்தேன். காலையில் மறுபடி எடுத்துப் படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை கடைசிக்கு முந்தைய பத்தியில் கொலுசு வந்ததும் அதற்கு மேல் படிக்க மனம் வராமல் தாளைக் கீழே வைத்துவிட்டேன். உன்னிடம் தனியாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குக் கோபம் வரவழைத்த பழக்கம் உன் ஒருத்தியுடையது அல்ல என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். எப்படித் தொடங்குவது, எதை வெட்டுவது என்பதெல்லாம் உனக்குக் கைவந்த விஷயம். அதற்குள் நான் போகவில்லை.

கட்டுரையின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. உச்சியில் படம் எடுத்துக்கொண்டு, கீழே இறங்கி, வெந்நீர் ஊற்றுக்குப் போனோம் என்று. அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

ரோப் கார் உங்களை ஏறக்குறைய 1,680 மீட்டர் உயரத்தில் இறக்கிவிட்டது. நீ ஏறிய சௌசு மலையின் உச்சி 1,915 மீட்டர். ஆக, நீ உன் சொந்தக் காலால் ஏறியது 230 மீட்டர் சொச்சம். முக்கால் மணி நேர நடை. திரும்பும்போது நீங்கள் ரோப் காரில் வரவில்லை. எரிமலை வாயின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு மினே நோ சாயா கணவாய்க்கு இறங்கி, அங்கிருந்து சரிவை ஒட்டிய பாதையில் வண்டி நிற்கும் இடம் வரை நடந்திருக்கிறீர்கள். அது ஏறக்குறைய 450 மீட்டர் இறக்கம். ஏறியதைப் போல இரண்டு மடங்கு. 230 மீட்டருக்கு மூன்று பக்கம் கொடுத்தாய், 450 மீட்டருக்கு ஒரு வரி.

நம் பயண எழுத்தில் எல்லோரும் ஏறுகிறார்கள், யாரும் இறங்குவதே இல்லை. வெள்ளியங்கிரியைப் பற்றி எழுதுகிறவர் ஏழு மலையையும் ஒவ்வொன்றாக ஏறிக் காட்டுவார். தரிசனம் முடிந்ததும் அடுத்த பத்தியில் பேருந்தில் உட்கார்ந்திருப்பார். இமயமலைக்குப் போய்வந்தவர்களும் அப்படித்தான். இதைப் பல வருஷமாகப் பலரிடம் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் அடங்கிவிடும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரம் முழுவதையும் ஒவ்வொரு அடியிலும் தாங்க வேண்டியிருக்கிறது. மறுநாள் மாடிப்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க வைப்பது அந்த வேலைதான். நீ சாயங்காலம் வெந்நீரில் கால் வைத்தபோது உனக்குக் கிடைத்த சுகத்தை அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். அந்தச் சுகத்தைச் சம்பாதித்த தொடையும் முழங்காலும் கட்டுரையில் எங்குமே இல்லை. நடக்காமல் வண்டியில் போய் இறங்கிக் குளித்தவருக்கும் அந்த அரைப் பக்கம் அப்படியே பொருந்தும். மலை நடைக் கட்டுரைக்கு இதைவிடப் பெரிய குறை எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, வழிகாட்டி. உன் கட்டுரையில் அவர் சிரித்த முகத்தோடு வருகிறார், அரிசி உருண்டை கொடுக்கிறார், படம் எடுத்துத் தருகிறார், காணாமல் போகிறார். மலை வழிகாட்டி உண்மையாக வேலை செய்வது இறக்கத்தில்தான். இறக்கத்தை நீ வெட்டியதும் அந்த மனிதரின் வேலையும் அதோடு போய்விட்டது.

எனக்கு அந்த மலையைக் காட்டியவர் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். நாங்கள் தோக்கியோவில் குடியிருந்த காலம். ஷின்கான்சென் ரயிலில் நாசுஷியோபாரா வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து பேருந்து. ஏறும்போது அந்தப் பெரியவர் கதை சொல்லிக்கொண்டே வருவார். 1408 முதல் 1410 வரை இந்த மலை வெடித்ததையும், இன்று உச்சியாக நிற்கும் பாறைக் குவியல் அப்போது பிதுங்கி வந்த குழம்பு என்பதையும் அவர் சொல்லித்தான் நான் கேட்டேன். உச்சியிலிருந்து திரும்பியதும் வாயை மூடிக்கொள்வார். பாறையும் சரளையும் கலந்த பாதை. பத்தடிக்கு ஒரு தடவை நின்று திரும்புவார். எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். காலணியின் நுனியைப் பார்ப்பார். நுனி கல்லில் இடிக்க ஆரம்பித்தால் அந்தக் கால் களைத்துவிட்டது என்று கணக்கு. அதுவரை வளவளவென்று பேசிக்கொண்டு வந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தினாலும் அவருக்கு அதே கணக்குதான். காரணம் எதுவும் சொல்லாமல், தண்ணீர் குடிக்கலாம் என்று எல்லோரையும் உட்கார வைத்துவிடுவார். யாருக்காக உட்கார்ந்தோம் என்று அந்த ஆளுக்கே தெரியாது.

ஒரு நாள் மினே நோ சாயாவில் காற்று. அந்தக் கணவாய் காற்றுக்குப் பேர்போனது, ஆளையே தள்ளும். அங்கே ஒரு தங்கல் குடிசை நிற்பது அதற்காகத்தான். அன்றைக்கு நாங்கள் மறுபக்கமிருந்து, அதாவது கீழிருந்து நடந்தே ஏறியிருந்தோம். குடிசைச் சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தோம். பொடிக்கல் பறந்து கன்னத்தில் அடித்தது. உச்சி கண்ணுக்கு எதிரே தெளிவாகத் தெரிந்தது. பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இன்று இவ்வளவுதான் என்று கையைக் கீழே காட்டினார். எங்களோடு வந்த ஒருவர், உச்சிக்குத்தானே பணம் கொடுத்தோம் என்று முகத்துக்கு நேரே கேட்டார். பெரியவர் குனிந்து வணங்கினார். நிமிர்ந்து, காலணிக் கயிற்றை இறக்கத்துக்கு ஏற்றபடி எப்படி இறுக்குவது என்று அந்த மனிதருக்கே முழந்தாளிட்டுக் கட்டிக் காட்டினார். விரல் முன்னால் போய் மோதாமல் இருக்கக் கணுக்காலில் இறுக்கிக் கட்ட வேண்டும். இன்றைக்கும் நான் எந்த மலையிலிருந்து இறங்கினாலும் அப்படித்தான் கட்டிக்கொள்கிறேன். உன் வழிகாட்டியும் இப்படி ஏதோ ஒன்று செய்திருப்பார். செய்யாமல் உங்கள் ஆறு பேரைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்திருக்க முடியாது.

இறக்கத்தில் நீ தொலைத்தது இன்னும் பெரியது. அங்கேதான் மலையும் குளியலும் ஒன்று சேர்கின்றன. சௌசு மலையின் மேற்குச் சரிவில் முகென் ஜிகோகு என்று ஓர் இடம். பாறை இடுக்கிலிருந்து ஓயாமல் புகை வரும், கல்லெல்லாம் மஞ்சள் பூத்திருக்கும். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் அழுகிய முட்டை நாற்றம் பாதைவரை வரும். ஹைட்ரஜன் சல்பைடு. நீ கீழே வந்ததும் செஷ்ஷோ செகி என்ற ‘கொல்லும் பாறை’யை, வழியில் ஒரு பாறை பார்த்தோம் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். மகளே, அங்கே வருகிறதும் அதே வாயுதான். 1689-இல் கவிஞர் பாஷோ அங்கே வந்தபோது தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் தரை தெரியாமல் செத்துக் கிடந்ததை எழுதிவைத்திருக்கிறார். ஒன்பது வால் நரியொன்று தமாமோ நோ மாயே என்ற அழகியாக வந்து பேரரசரை மயக்கி, கடைசியில் கொல்லப்பட்டு இந்தப் பாறையானது என்பது அங்கத்தியக் கதை. அந்த நரி ஜப்பானுக்கு முன்னால் சீனாவில் இருந்ததாம். அதற்கும் முன்னால் இந்தியாவில்! ஹன்சோகு என்ற இளவரசனுக்கு மனைவியாகி, ஆயிரம் அரசர்களின் தலையை வெட்டும்படி அவனைத் தூண்டியவள் அவளே என்கிறார்கள். 2022 மார்ச்சில் அந்தப் பாறை இரண்டாகப் பிளந்து கிடந்ததைக் கண்டு, நரி வெளியேறிவிட்டது என்று பேச்சுக் கிளம்பியது. நம் ஊரிலிருந்து போன கதையின் முன்னால் நின்றுவிட்டு ஒரு பாறை என்று எழுதிவிட்டாயே. இந்த இடத்தில் எனக்கு வருத்தம்தான்.

பாறைக்குக் கூப்பிடு தூரத்தில்தான் நீ குளித்த ஷிகா நோ யூ. அம்பு பட்ட மான் ஒன்று காயத்தை நனைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து வேடன் கண்டுபிடித்த ஊற்று என்பார்கள். அங்கே உள்ளே போகுமுன் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்தேன் என்று எழுதியிருக்கிறாய். நீ அப்படிக் குளிக்கவில்லை. அந்த ஊற்றில் சோப்புக்கு அனுமதியில்லை, தேய்த்துக் குளிக்க இடமும் இல்லை. அது அமிலம் மிகுந்த கந்தக நீர். அதில் சோப்பு கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும், நுரை வராது. ஜப்பானிய வெந்நீர்க் குளியலுக்கு எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் அச்சடித்திருக்கும் நான்கு விதிகளை நீ அப்படியே எடுத்து உன் உடம்பின்மேல் ஒட்டிவிட்டாய். பொதுவாக அந்த விதி சரி. இந்த ஊற்றுக்கு அது பொருந்தாது. இங்கே செய்வது வேறு. நுழைந்ததும் குனிந்து, நீண்ட பிடி வைத்த அகப்பையால் பின்கழுத்தில் வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நூறு, இருநூறு தடவை. தலைக்கு ரத்தம் ஏறாமல், சூட்டுக்கு உடம்பு பழகுவதற்காக. பிறகு 41 டிகிரித் தொட்டியில் தொடங்கி ஒவ்வொன்றாக மாற வேண்டும். 48 டிகிரி ஆண்கள் பக்கத்தில்தான் உண்டு; பெண்கள் பக்கம் 46-ஓடு நின்றுவிடும். நீ எந்தத் தொட்டிவரை போனாய்? எதில் காலை வெளியே இழுத்தாய்? பக்கத்தில் இருந்த பாட்டி உன்னைப் பார்த்து என்ன சொன்னாள்? சொல்லாமல் இருந்திருக்கமாட்டாள். வெளிநாட்டுப் பெண் நேராகச் சூடான தொட்டிக்குப் போனால் கையைப் பிடித்து நிறுத்துகிறவர்கள் அவர்கள்.

தாதுக்கள் நிறைந்த நீர் தோலுக்கு நல்லது என்ற வரியையும் எடுத்துவிடு. என்ன தாது? வெந்நீர் ஊற்றுக்கென்று ஜப்பானில் 1948-இலேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். ஊற்றுநீரின் பகுப்பாய்வு விவரம் உடை மாற்றும் இடத்தில் தொங்கும். 2004-இல் சில ஊர்களில் தொட்டியில் குளியல் பொடி கலந்தது வெளியே வந்து நாடே கொந்தளித்தது. அதற்குப் பிறகு, நீரில் எதையாவது கலந்தால், சூடாக்கினால், சுழற்றிப் பயன்படுத்தினால் அதையும் எழுதி மாட்ட வேண்டும் என்று விதி வந்தது. ஜப்பானிய எழுத்து தெரியாவிட்டால் வழிகாட்டியைக் கேட்டால் படித்துச் சொல்லியிருப்பார்.

இப்போது கொலுசு. திருகாணி இறுகிப்போய்க் கழற்ற வராமல், உன் அம்மாவின் வெள்ளிக் கொலுசோடு தண்ணீரில் இறங்கினாய். வெளியே வந்தபோது கொலுசு முழுக்கக் கறுத்திருந்தது. ஊருக்கு வந்ததும் அம்மா எதுவும் கேட்காமல் உன் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, விளக்குத் தேய்க்கிற மாதிரி திருநீற்றைப் போட்டுத் தேய்த்தாள். நான்கு வரி. பயண எழுத்தில் சமீபத்தில் இதற்கு நிகராக எதையும் நான் படிக்கவில்லை. இதை எழுதத் தெரிந்தவளுக்கு அந்தக் கையேட்டு விதி எதற்கு? மலை இடுக்கில் புகையாக வந்தது, பாறையடியில் பூச்சியைக் கொன்றது, தொட்டியில் நீரைப் பாலாக்கியது எல்லாம் ஒரே கந்தகம். அதுதான் உன் காலோடு விமானம் ஏறி வந்து அம்மாவின் விரலில் கறுப்பாக ஒட்டியிருக்கிறது. இத்தனையும் உன் கையில் இருந்தது. நடுவில் ஒரு துண்டு விட்டுப்போனதால் கொலுசு கறுத்தது ஏதோ குளியலறை விபத்து போல நிற்கிறது.

கொலுசுப் பத்தியில் ஓர் எழுத்தையும் தொடாதே, இடத்தையும் மாற்றாதே. உச்சி நடையை ஒரு பக்கமாகக் குறை. கணவாயிலிருந்து வண்டி வரையிலான பாதைக்கு அந்த இரண்டு பக்கத்தைக் கொடு. கால் எங்கே நடுங்கியது, நாற்றம் எங்கே வந்தது, யார் பேச்சை நிறுத்தினார்கள், வழிகாட்டி எத்தனை தடவை திரும்பினார் என்பதெல்லாம் வேண்டும். நினைவில்லை என்றால் அவருக்கே எழுதிக் கேள். இறக்கத்தில் உங்கள் ஆறு பேரில் யாரைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள் என்று கேள். அவர் நிச்சயம் பதில் எழுதுவார். இதுவரை அவரிடம் யாரும் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

மறுபடி நாசுவுக்குப் போகிற யோகம் இருந்தால் அக்டோபர் தொடக்கத்தில் போ. மேற்குச் சரிவில் உபாகாதைரா சிவந்து கிடக்கும். அதையும் தாண்டி சண்டோகோயா என்ற ஊற்று விடுதிகள். சாலையும் ரோப் காரும் அதுவரை போவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தால்தான் வெந்நீர். இரவு தங்கிவிட்டு மறுநாள் நடந்தே திரும்ப வேண்டும். அதைப் பற்றி எழுதினால் அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் மூத்த வாசகி