ஷூவுக்குள்ளே இன்னொரு மெத்தை வேணுமா?

இந்த மாதப் பாடம்: பாதம் காப்போம்



சென்ற மாதம் தென்காசிப் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பும் கடன் தவணையும் எழுதி முடித்த பிறகு ஒரு அக்கா கேட்டார்: “மக போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகுதா. குழுக் கடன்லதான் ஷூ எடுத்தேன். இப்போ உள்ள போட தனியா இன்சோல் வாங்கணும்னு கடையில சொல்லுதாங்க. அது வேணுமாக்கா?”

பக்கத்தில் இருந்த இன்னொரு அக்கா மெதுவாகத் தன் காலை நீட்டினார். சுண்டுவிரலில் புண். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. டாக்டர் நடக்கச் சொன்னதால் மகனுடைய பழைய ஷூவைப் போட்டிருக்கிறார். அடி கெட்டியாக இருக்கிறதே என்று தடித்த இன்சோல் ஒன்றை வாங்கி, ஏற்கெனவே உள்ளதன் மேலேயே வைத்துவிட்டார். “நாலு நாளாச்சு. வலியே இல்ல, அதான் விட்டுட்டேன்” என்றார். அன்றே அவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

கேள்வி ஒன்றுதான். ஆனால் பதில் இரண்டு.

ஓடுகிற மகளுக்கு

ஓடுவதற்கென்று செய்த ஷூவில் இன்சோல் போட்டேதான் வரும். காலில் வலி இல்லை, ஷூ சரியாகப் பொருந்துகிறது என்றால் தனியாக வாங்க வேண்டியதில்லை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். அதற்குப் பயிற்சியும் அளவான ஷூவும்தான் முக்கியம்.

குதிகால் வலி போன்ற தொந்தரவு இருந்தால் இன்சோல் சிலருக்குச் சுகம் தரும். முதலில் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். சாதாரண ரெடிமேட் இன்சோலே பலருக்குப் போதும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இன்சோல் இடத்தை அடைக்கும். பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். சின்ன ஷூவை எந்த இன்சோலும் பெரிதாக்காது.

சர்க்கரை உள்ளவருக்கு

சர்க்கரை பல வருடம் கட்டுப்படாமல் இருந்தால் பாதத்து நரம்புகள் கெட்டு, உணர்ச்சி குறையும். ஷூ கடித்தாலும் தெரியாது. வலி இல்லை என்பதுதான் இங்கே ஆபத்து. கவனிக்காத புண் விரலை, சில நேரம் காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடும்.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு வழி வளர்ந்தது. 1946-இல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால்புண்ணுக்குக் காரணம் உணர்ச்சி இல்லாத பாதத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே என்று காட்டினார். அவரும் வேலூர் அருகே கரிகிரி மருத்துவமனையில் இருந்தவர்களும் பலவகைச் செருப்புகளைச் சோதித்தார்கள். அப்படிப் பரவியதுதான் எம்.சி.ஆர். செருப்பு. நுண்ணிய காற்றறைகள் உள்ள மெத்தென்ற ரப்பர் மேலே, கெட்டியான ரப்பர் கீழே, குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். மெத்தை ரப்பர் அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பும். கீழ் ரப்பர் முள்ளையும் கல்லையும் தடுக்கும். உள்ளே ஆணி இருக்கக் கூடாது.

ஆகவே உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு மெத்தை தேவை. ஆனால் அதற்கு இடம் விட்டுச் செய்த செருப்பாக இருக்க வேண்டும். பரிசோதித்த பின் டாக்டர் சொல்வதை வாங்குங்கள்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. சாயங்காலம் அளவு பாருங்கள். பகல் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும்.
2. காகிதத்தில் நின்று பாதத்தை வரையுங்கள். ஷூவின் இன்சோலை எடுத்து அதன்மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை.
3. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.
4. இரண்டு காலிலும் போட்டு, கடைக்குள்ளேயே நடந்து பாருங்கள்.
5. போடும் முன் தினமும் ஷூவுக்குள் கைவிட்டுப் பாருங்கள். கல்லோ மடிப்போ இருக்கலாம்.

குற்றாலச் சாரல் காலத்தில் இன்னும் ஒரு வேலை உண்டு. சீசன் கடைகளில் நிற்பவர்களுக்குக் கால் நாள் முழுக்க ஈரம்தான். வீட்டுக்கு வந்ததும் இன்சோலை வெளியே எடுத்துக் காற்றாட உலர்த்துங்கள். விரல் இடுக்கைத் துணியால் ஒற்றித் துடையுங்கள். ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். சர்க்கரை உள்ளவருக்கு அந்தச் சின்ன வெடிப்பே பெரிய புண்ணுக்கு வாசல்.

பீடி சுற்றும் சகோதரிகள் கால் மடக்கி உட்கார்ந்தே இருப்பதால் உள்ளங்காலைப் பார்ப்பதே இல்லை. படுக்கப் போகும் முன் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். கண் மங்கினால் பேத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த அக்காவுக்கு இப்போது புண் ஆறி வருகிறது. “மகனுக்குச் செலவு வைக்க வேண்டாம்னுதான் பழச போட்டேன்” என்றார். நம்மில் பலர் அப்படித்தான். பிள்ளையின் ஷூவுக்குக் கடன் கேட்கிறோம்; நம் செருப்புக்குக் கேட்பதில்லை.

கூட்டத்தில் பேசுங்கள்

• நம் குழுவில் எத்தனை பேருக்குச் சர்க்கரை? அவர்களில் யாராவது பாத உணர்ச்சிப் பரிசோதனை செய்ததுண்டா?
• மருத்துவச் செருப்பு வாங்க உள்கடன் தர நம் குழு தீர்மானம் போடலாமா?

முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். வரும்போது அவரவர் செருப்பையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள்.