நைஜருக்கு ஒரு சுதந்திர தின வாழ்த்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. ஆகஸ்ட் 15 அன்று நம் குடும்பக் குழுவில் முதல் வாழ்த்து உன்னுடையதுதான். காலை ஆறு மணிக்கே போட்டுவிட்டாய். ‘இனிய சுதந்திர தின வாழ்த்துகள்’, பின்னாலேயே மூன்று கொடி. உன் அம்மாச்சியிலிருந்து சிவகாசிச் சித்தப்பா வரைக்கும் எல்லாரும் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன். அப்புறம்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். காவி இருக்கிறது, வெள்ளை இருக்கிறது, பச்சை இருக்கிறது. நீலச் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம்.

அது நைஜர் நாட்டுக் கொடி. அந்த நாடு மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. பிரான்சிடமிருந்து 1960 ஆகஸ்ட் 3இல் விடுதலை வாங்கினார்கள். ஆக, உன் வாழ்த்து அவர்களுக்குப் பன்னிரண்டு நாள் பிந்திப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

குழுவில் சொன்னால் கூசிப்போவாய் என்று தனியாக எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது. இருபது வருஷமாக எழுத்துரு வேலையிலேயே கிடக்கிறவனிடம் மாட்டினால் அப்படித்தான்.

உன் கொடியை ஆபீஸ் கணினியில் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். கொடி வரவில்லை. ஆங்கிலத்தில் ‘என்’, ‘இ’ என்று இரண்டு எழுத்து வந்து நின்றது. விண்டோஸில் பல வருஷமாக இதுதான் கதை. மைக்ரோசாப்ட் தன் எமோஜி எழுத்துருவில் நாட்டுக் கொடிகளை வரையாமலே விட்டுவிட்டது. மற்ற இடங்களில் துணி போர்த்தித் தெரிவது அங்கே எலும்போடு தெரிகிறது.

அந்த எலும்பைத் தெரிந்துகொள். எமோஜி பிறந்தது ஜப்பான் கைபேசிகளில். அங்கே கொடி என்றால் ஜப்பான், அமெரிக்கா, சீனா, பிரான்ஸ் என்று பத்தே பத்து நாடுகள். அதை உலகத்துக்கே பொதுவாக்கும்போது பத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 2010 அக்டோபரில் வந்த, யூனிகோடு என்ற பொது எழுத்துத் தரத்தின் 6.0 பதிப்பு கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தது. நாட்டுக் கொடி எதையும் தனித்தனியாகச் சேர்க்காமல், அதற்கென்று 26 ஆங்கில எழுத்துகளை மட்டும் சேர்த்தது. இரண்டு எழுத்து ஒட்டி நின்று, அது ஒரு நாட்டின் குறியீடாகவும் இருந்தால், போன் அங்கே கொடியைக் காட்டிக்கொள்ளலாம். எது நாடு, எது நாடில்லை என்ற வழக்கைத் தன் வாசலில் வைத்துக்கொள்ளாமல், ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர அமைப்பின் நாட்டுக் குறியீட்டுப் பட்டியலைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. படம் வரைவது போன் கம்பெனிக்காரன் பாடு. அதனால்தான் 2021இல் தாலிபான்கள் காபூலைப் பிடித்து வெள்ளைக்கொடி ஏற்றிய பிறகும், நம் போனில் ஆப்கானிஸ்தானுக்குப் பழைய கருப்பு, சிவப்பு, பச்சைதான்.

ஒரு வேடிக்கை கேள். இந்தியா ‘ஐ-என்’, இலங்கை ‘எல்-கே’. இரண்டு கொடியையும் இடைவெளி விடாமல் போட்டு, தலையிலிருக்கும் ‘ஐ’யை மட்டும் அழித்தால் மிச்சம் ‘என்-எல்-கே’. ‘என்-எல்’ நெதர்லாந்து! இப்போதைய போன்கள் கொடியை முழுசாக அழித்துவிடும். பழைய செயலி ஒன்றில் இப்படி ஆனதை என் கண்ணால் பார்த்தேன். 1658இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் பிடித்ததுதான் உடனே ஞாபகம் வந்தது.

சரி, உள்ளே இருப்பது நாட்டின் குறியீடு. ஆனால் நாம் கொடியை வைத்துச் சொல்ல வருவது நாட்டை மட்டுமா? மேட்ச் அன்று போட்டால் ‘ஜெயிச்சுட்டோம்’. விமான டிக்கெட் படத்துக்குக் கீழே சிங்கப்பூர்க் கொடி வந்தால் ‘கிளம்பிட்டேன்’. 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்தபோது எங்கெங்கோ இருந்தவர்களெல்லாம் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் உக்ரைனின் நீலமும் மஞ்சளும் வைத்தார்கள். அது ‘உங்கள் பக்கம் நிற்கிறேன்’. இதெல்லாம் சந்தர்ப்பத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். மொழிக்குப் பதிலாகக் கொடியை வைக்கும்போதுதான் குழப்பம்.

எனக்கே நடந்தது. ஒரு நிறுவனம் தன் செயலியைத் தமிழில் கொண்டுவந்தது. மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கொடி. ஆங்கிலத்துக்குப் பிரிட்டன், இந்திக்கு இந்தியா என்று ஏற்கெனவே குத்திவிட்டார்கள். ‘தமிழுக்கு எது சார்?’ என்று என்னைக் கேட்டார்கள். இந்தியா என்றால் அது இந்தியோடு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. இலங்கையில் தமிழ் ஆட்சிமொழி, சிங்கப்பூரிலும் ஆட்சிமொழி. மலேசியாவில் தமிழ்ப் பள்ளிக்கூடங்களே நடக்கின்றன. எதைச் சொன்னாலும் மூன்று பேர் வெளியே நிற்பார்கள். ‘தமிழ் என்று எழுதிவிடுங்கள், தமிழ் படிக்கத் தெரிந்தவன்தானே அதைத் தொடப்போகிறான்’ என்றேன். டிசைன் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், வரிசை கெட்டுப்போகிறதாம். கடைசியில் எல்லாக் கொடியையும் எடுத்துவிட்டு, மொழிகளின் பெயரை அந்தந்த எழுத்திலேயே போட்டார்கள்.

மனிதருக்குப் பதிலாகக் கொடியை வைப்பது இன்னும் சிக்கல். டொரண்டோவில் எனக்கு ஒரு நண்பர் உண்டு, யாழ்ப்பாணத்துக்காரர். இணையத்தில் எல்லாரும் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த நாட்டுக் கொடி, இருக்கிற நாட்டுக் கொடி என்று இரண்டு வைத்திருப்பார்களே, அவர் கனடாவை மட்டும் வைத்திருந்தார். நான் விவரமில்லாமல், ‘ஊர்க் கொடியைக் காணோமே’ என்று கேட்டுவிட்டேன். அரை நாள் பதில் இல்லை. பிறகு எழுதினார்: ‘வாளோட நிக்கிற சிங்கத்தை என்ரை பேருக்குப் பக்கத்திலை வைக்க மனம் வரேல்லை. வேறை ஒண்டை வைச்சா இன்னொருத்தர் சண்டைக்கு வருவார். அதுதான் விட்டுட்டன்.’ அந்தக் கொடியில் தமிழரைக் குறிக்கிற காவிப் பட்டையும் முஸ்லிம்களைக் குறிக்கிற பச்சைப் பட்டையும் ஓரமாக உண்டு. எமோஜி அளவில் இரண்டும் நூல் மாதிரி தெரியும். அவருக்கு அந்த அளவு போதவில்லை. அதே கொடியை மனசாரப் போடுகிற இலங்கைத் தமிழரும் உண்டு, கிரிக்கெட் நாட்களில் பார்த்திருக்கிறேன். ஒருவர் போட்டதையோ போடாததையோ வைத்து நீ தீர்ப்பு எழுதாதே. அன்றைக்கு நான் கேட்டிருக்கக் கூடாது.

இதன் மறுபக்கமும் பார்ப்பாய். இரண்டு பேர் ஏதோ வாதாடிக்கொண்டிருப்பார்கள், வெங்காய விலையாகக்கூட இருக்கலாம். ஒருவன் சொல்ல ஒன்றுமில்லாமல் போனதும் ஐந்து கொடியை வரிசையாக வைப்பான். எதிராளி தன் நாட்டுக் கொடியில் பத்து வைப்பான். அதோடு பேச்சு முடிந்தது. கேட்ட கேள்வி கேட்டபடியே கிடக்கும். பெயருக்குப் பக்கத்தில் பாகிஸ்தான் கொடியோ சீனக் கொடியோ வைத்த ஒரு பிள்ளையைப் பிடித்து, அந்த நாட்டு அரசாங்கம் செய்ததற்கெல்லாம் கணக்குக் கேட்கிற ஆட்களும் உண்டு. அந்தப் பிள்ளை உன் வயசாக இருக்கும், நாளைக்குப் பரீட்சை என்று உட்கார்ந்திருக்கும்.

அரசாங்கங்களும் இந்தச் சின்னப் படத்துக்குப் பயப்படத்தான் செய்கின்றன. சீனாவுக்கென்று அமைத்த ஐபோனில் தைவான் கொடி தெரியாது. 2018இல் அந்தத் தடையில் ஏதோ கோளாறாகி, சில போன்களில் தைவான் கொடி வந்த செய்தியைத் திறந்தாலே செயலி படுத்துவிட்டது. ஆப்பிள் அந்த ஜூலையில் சரிசெய்தது.

உனக்கு ஸ்காட்லாந்து நாவல்கள் பிடிக்குமே, அதற்காக ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் கொடிகள் 2017இல் வந்தவை. அவற்றுக்கு ஈரெழுத்து வழி இல்லை. ஒரு கருப்புக்கொடியை வைத்து, அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைக் கோத்திருக்கிறார்கள். பழைய போனுக்கு அந்தக் கோவை புரியாது, கருப்புக்கொடியை மட்டும் காட்டும். நம் ஊரில் கருப்புக்கொடி காட்டினால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். சித்தப்பா போன் மிகப் பழசு, பார்த்துக்கொள்.

இன்னொன்று, நம் தெருமுனை டீச்சருக்குப் பார்வை கிடையாது அல்லவா? அவர் போன் செய்திகளை வாசித்துச் சொல்லும். மூன்று கொடி போட்டால் நாட்டுப் பெயரை மூன்று தடவை சொல்லும், முப்பது போட்டால் முப்பது தடவை. உன் வாழ்த்து அவருக்குப் போயிருந்தால் நைஜர், நைஜர், நைஜர் என்று கேட்டிருக்கும். நம் ஆட்களிலேயே முதல் தடவையே சரியாக வாசித்த ஒரே ஆள் அவராகத்தான் இருந்திருப்பார்.

அடுத்த தடவை கொடி வரிசையில் விரலால் தள்ளித் தேடாதே, தேடும் பெட்டியில் நாட்டின் பெயரை அடி. இந்தோனேசியாவும் மொனாக்கோவும், சாடும் ருமேனியாவும் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்குப் பிரித்துச் சொல்ல வராது. பெயர்தான் துணை.

பழைய வாழ்த்தைத் திருத்த வாட்ஸ்அப் 15 நிமிஷம்தான் கொடுக்கும், அது என்றைக்கோ போயிற்று. விட்டுவிடு. எப்படியும் உன் அம்மாச்சி அதை அப்படியே பதினேழு பேருக்கு அனுப்பிவிட்டார். அதில் பதினாறு பேர் அதே நைஜர் கொடியோடு பதில் வாழ்த்து போட்டிருக்கிறார்கள். பதினேழாவது ஆள் நான்.

அன்புடன்,
மாமா