மென்பொருள் ஆக்கத்தில் படிப்படி முறை: நிர்வாகிகள் அறிய வேண்டியவை

பாலமோ அணையோ கட்ட வேண்டுமாயின், முதலில் வரைபடம், பின்னர் மதிப்பீடு, அதன் பின் ஒப்பந்தப்புள்ளி, இறுதியில் கட்டுமானம் என்ற வரிசையைப் பின்பற்றுகிறோம். இது இயல்பானதே. பாதி எழும்பிய பாலத்தை வேறிடத்திற்கு மாற்ற இயலாது. நம் நிர்வாக விதிகளும் நிதி நடைமுறைகளும் பெரும்பாலும் இவ்வகைப் பணிகளை மனத்திற்கொண்டு உருவானவை. ஆனால், அலுவலகங்களும் தொழில் நிறுவனங்களும் இன்று பெருந்தொகை செலவிட்டுப் பெறும் மென்பொருளுக்கு இதே வரிசை பொருந்துமா? இக்கேள்விக்கு விடை காண வேண்டியவர் பொறியாளர் மட்டுமல்லர். பணத்தை ஒதுக்கும் நிர்வாகியும் ஆவார்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்திற்காக ஒரு மென்பொருள் ஆக்கப்பட்டது. தேவைகள் யாவும் முதலிலேயே எழுதப்பட்டுக் கையொப்பமாயின. இரண்டாண்டு கழித்து, எழுதியது எழுதியபடியே மென்பொருள் வந்து சேர்ந்தது. ஆனால், இடைக்காலத்தில் விதி திருத்தப்பட்டு, படிவம் மாறியிருந்தது. எழுத்தர்கள் பகலில் பேரேட்டில் எழுதி, மாலையில் அதையே கணிப்பொறியில் ஏற்றினர். ஒப்பந்தப்படி எவர் மீதும் குற்றமில்லை, பயன்தான் இல்லை.

இருவகை முறைகள்

தேவைகளைத் தொகுத்தல், வடிவமைத்தல், நிரல் எழுதுதல், சோதித்தல், ஒப்படைத்தல் என ஒன்று முடிந்த பின்னரே அடுத்ததைத் தொடங்குவதை அருவி முறை என்பர். 1970இல் அமெரிக்கப் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸ் ஒரு கட்டுரையில் இவ்வரிசையை விளக்கினார். சோதனை கடைசியில் வருவதால், பிழைகள் தாமதமாகவே வெளிப்பட்டு, வடிவமைப்பையே மாற்ற நேரிடும் என்றும் அதே கட்டுரையில் எச்சரித்தார். வரைபடத்தை ஏற்றுக்கொண்டோர் பலர் எச்சரிக்கையை மறந்துவிட்டனர்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்டு என்னுமிடத்தில் 17 வல்லுநர்கள் கூடி ஓர் அறிக்கையை வெளியிட்டனர். 'அஜைல்' என இன்று உலகெங்கும் வழங்கும் முறைக்குப் பெயர் தந்தது இவ்வறிக்கையே. நிலைமைக்கேற்ப விரைந்து வளைந்து கொடுப்பது என்பது அச்சொல்லின் கருத்து. ஆவணத்தைவிட இயங்கும் மென்பொருளும், ஒப்பந்த வாதத்தைவிடப் பயனாளருடன் கூடி உழைத்தலும் மேலானவை என்பன அதன் சாரத்தில் அடங்கும். ஆவணமும் திட்டமும் வேண்டாமென அவ்வறிக்கை கூறவில்லை என்பதை இங்கு வற்புறுத்த வேண்டும்.

நடைமுறை எளியது. தேவைகள் அனைத்தும் முக்கியத்துவ வரிசையில் பட்டியலிடப்படுகின்றன. இரண்டு முதல் நான்கு வாரம் கொண்ட குறுங்காலத்தில், பட்டியலின் தலைப்பில் உள்ளவை மட்டும் முழுமையாக ஆக்கிச் சோதிக்கப்படுகின்றன. கால முடிவில், இயங்கும் பகுதி பயனாளரிடம் காட்டப்படுகிறது. அவர் கருத்துக்கேற்பப் பட்டியல் திருத்தப்பட்டு, அடுத்த சுற்று தொடங்குகிறது.

பொருளாதார நோக்கு

எடுத்துக்காட்டாக, 12 கோடி ரூபாய் மதிப்பில் 24 மாதங்களில் முடிய வேண்டிய ஒரு பணியைக் கற்பனை செய்வோம். செலவு மாதந்தோறும் 50 லட்சம் ரூபாய். அருவி முறையில் 24ஆம் மாதம் வரை பயன் ஏதுமில்லை. படிப்படி முறையில் நான்காம் மாதத்தில், 2 கோடி ரூபாய்ச் செலவில், ஒரு சிறு பகுதி பயன்பாட்டிற்கு வருவதாகக் கொள்வோம். இதனால் விளையும் நன்மைகள் இரண்டு. முதலாவது, எஞ்சிய 20 மாதங்களுக்கும் அப்பகுதியின் பயன் கிட்டுகிறது. இரண்டாவது, அடிப்படைக் கருத்தே தவறாயின், 12 கோடியைச் செலவிட்ட பின்னர் அல்லாது, 2 கோடியிலேயே அது தெரிந்துவிடுகிறது. தகவலுக்கும் விலையுண்டு; அது முன்னரே கிடைப்பின் மதிப்பு மிகும் என்பது பொருளியலின் பாலபாடம்.

அமெரிக்கப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ.யின் அனுபவம் இதற்குச் சான்று. வழக்குக் கோப்புகளுக்காக அது ஆக்க முனைந்த மென்பொருள், சுமார் 17 கோடி டாலர் செலவான பின் 2005இல் கைவிடப்பட்டது. அதன் பின் தொடங்கிய 'சென்டினல்' என்னும் திட்டமும் தாமதமுற்றது. 2010இல் நிறுவனமே நேரடிப் பொறுப்பேற்று, சிறு குழுவைக் கொண்டு அஜைல் முறையில் பணியைத் தொடர்ந்தது. 2012 ஜூலையில் அது பயன்பாட்டிற்கு வந்தது.

திருவனந்தபுரம் தரும் பாடங்கள்

1990இல் நிறுவப்பெற்ற டெக்னோபார்க்கில் பணியாற்றும் இளைஞர்க்கு இம்முறை அன்றாட வழக்கம். எனினும், இந்நகரில் இதற்கு முன்னரே இத்தகைய சிந்தனைக்குச் சான்றுகள் உண்டு.

தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21இல் ஏவப்பட்ட முதல் ராக்கெட் வெளிநாட்டினது. 1967 நவம்பரில் 75 மில்லிமீட்டர் விட்டமே கொண்ட நம் ரோகிணி ராக்கெட் பறந்தது. சிறியதாயினும் அது பறந்தது என்பதே முக்கியம். படிப்படியாகப் பெரிய ராக்கெட்டுகள் உருவாயின. எஸ்.எல்.வி.-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1979 ஆகஸ்ட் 10இல் ஏவப்பட்டுத் தோல்வியுற்றது; காரணம் ஆராயப்பட்டு, 1980 ஜூலை 18இல் வெற்றி கண்டது.

2000 ஜூனில் இங்கு தொடங்கிய 'ஃபிரண்ட்ஸ்' சேவை மையம் மற்றொரு சான்று. மின்கட்டணம், குடிநீர்க் கட்டணம், வரி முதலியவற்றை ஒரே கூரையின் கீழ்ச் செலுத்த அது வழி செய்தது. எல்லாத் துறைகளின் கணக்குகளும் கணிப்பொறியில் இணையும் வரை அது காத்திருக்கவில்லை. பணத்தை மையத்தில் பெற்று, விவரங்களைத் துறைகளுக்கு அனுப்பும் எளிய ஏற்பாட்டுடன் தொடங்கியது. பின்னர் ஏனைய மாவட்டங்களுக்கும் பரவியது. முழுமை பெறாத ஏற்பாடுதான். ஆயினும், பல அலுவலகங்களுக்கு அலையும் துன்பம் மக்களுக்கு அன்றே குறைந்தது.

ஐயங்களும் வரம்புகளும்

பணியின் எல்லை மாறிக்கொண்டே இருப்பின், ஒப்பந்தப்புள்ளி கோருவதும் தணிக்கைக்கு விடையளிப்பதும் எவ்வாறு? காலத்தையும் தொகையையும் நிலையாக வைத்து, அவற்றுக்குள் எப்பகுதிகளை முதலில் செய்வது என்பதை மட்டும் மாற்றத்திற்கு உட்படுத்தலாம். பயனாளர் சோதித்து ஏற்ற பகுதிக்கே பணம் வழங்கலாம். ஒவ்வொரு சுற்றின் ஏற்புக் குறிப்பும் தணிக்கைக்கு உரிய சான்றாகும்.

இம்முறை சர்வரோக நிவாரணி அன்று. தேவைகள் தெளிவாகவும் மாறாமலும் உள்ள பணிக்கு அருவி முறையே போதும். உயிர்ப்பாதுகாப்பு சார்ந்த கருவிகளில், குறையுள்ள முதற்பகுதியை மக்களிடம் தந்து கற்றுக்கொள்ள இயலாது. பெயரளவில் இம்முறையை ஏற்பதாலும் பயனில்லை. நாள்தோறும் கூட்டம் நடத்திவிட்டு, ஒவ்வொரு திருத்தத்திற்கும் மூன்று நிலைகளில் கோப்பை அனுப்பினால், இரண்டு வாரச் சுற்று இரண்டு மாதமாகிவிடும். பயனாளர் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரம் பெற்ற ஓர் அலுவலர், அப்பணிக்கு நாள்தோறும் நேரம் ஒதுக்குவது இன்றியமையாதது.

எனவே, மென்பொருளுக்கான முன்மொழிவு தம் மேசைக்கு வரும்போது நிர்வாகி மூன்று கேள்விகளை எழுப்புதல் நலம். முதற்பகுதி எப்போது யார் கைக்கு வரும்? அவர் கருத்தைக் கேட்டுத் திருத்தும் பொறுப்பு யாருடையது? இடையில் நிறுத்த நேர்ந்தால், அதுவரை செய்தது பயன்படுமா? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்த பின்னரே நிதியொப்புதல் தருவது, எழுத்தரின் உழைப்புக்கும் மக்களின் வரிப்பணத்திற்கும் நாம் செய்யும் நீதியாகும்.