லேப்டாப்பில் ஓடுகிறது, ராஸ்பெரி பையில் ஏன் ஏறவில்லை?

கேள்வி: பதனிட்ட தோலின் பரப்பைப் படத்திலிருந்து அளக்க, சி மொழியில் ஒரு பைதான் லைப்ரரி எழுதினேன். லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. பட்டறையின் ராஸ்பெரி பையில் 'பிப்' அதை ஏற்க மறுக்கிறதே? – வாசகர், அணைக்கட்டு

பதில்: பைதானில் மட்டுமே எழுதியது என்றால் ஒரே 'வீல்' கோப்பு எங்கும் ஓடும். சி கலந்துவிட்டால் ஆம்பூர் ஷூ மாதிரிதான், காலுக்கேற்ற அளவு வேண்டும். உங்கள் வீலின் பெயர் 'எக்ஸ்86_64' என்று முடியும். பைக்குத் தேவை 'ஏஆர்ச்64'.

இதில் ஒரு கண்ணி உண்டு. 'யூநேம் -எம்' கட்டளை ஏஆர்ச்64 என்று சொல்லும். ஆனால் கெர்னல் மட்டும் 64 பிட்டாக இருந்து, பைதான் 32 பிட்டாகவே இருக்கலாம். 'பிப் டீபக் --வெர்போஸ்' காட்டும் பட்டியலையே நம்புங்கள். 32 பிட் என்றால் 'ஆர்ம்வி7எல்' வீல் தேவை.

புது உபுண்டுவில் நேரடியாகக் கம்பைல் செய்து அனுப்பாதீர்கள். பழைய லினக்ஸின் 'ஜிலிப்சி' என்ற சி லைப்ரரி அதை ஏற்காது. மேனிலினக்ஸ் கன்டெய்னர்கள் வந்ததே இதற்காகத்தான். 2016இல் வந்த முதல் வடிவம் இன்டெல் வகைச் சில்லுகளுக்கு மட்டும். ஆர்ம் வகை, பின்னால் வந்த 'மேனிலினக்ஸ்2014' என்ற வடிவத்தில்தான் சேர்ந்தது. 'சிஐபில்ட்வீல்' கருவியிடம் வேண்டிய வகைகளைச் சொன்னால், அவற்றைக் கட்டித் தரும். ஆர்ம் வீலை 'கியூஎமு' எமுலேட்டர் வழியாகக் கட்டினால் ஆமை வேகம்; ஆர்ம் இயந்திரம் கிடைத்தால் அதிலேயே கட்டுங்கள்.

வீல்களைப் பிறருக்கு வெளியிட்டால், மூலக்குறிமுறைத் தொகுப்பையும் கூடவே ஏற்றுங்கள். ஐஐடி மெட்ராஸின் 'சக்தி' போன்ற ரிஸ்க்-ஃபைவ் சில்லு வைத்திருப்பவர், ஜிசிசி இருந்தால் தானே கம்பைல் செய்துகொள்வார்.